அத்தியாயம் 4: ஓரிடம், ஒரு வேலை, ஓராண்டு

பள்ளி திறந்த சில வாரங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கும் ஜூனியர் ரெட் கிராசுக்கும் சாரண சாரணியர் இயக்கத்துக்கும் தேசிய பசுமைப் படைக்கும் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்குகிறார்கள். அதன்பின் ஓராண்டில் நடப்பவற்றை வரிசையாக எழுதினால் பல பள்ளிகளின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சுற்றுச்சூழல் நாளில் மரக்கன்று, மழைக்காலத்துக்கு முன் டெங்கு பேரணி, காந்தி ஜெயந்திக்கு வளாகத் தூய்மை, முதியோர் இல்லத்தில் ஒரு பிற்பகல், பிளாஸ்டிக் ஒழிப்பு உறுதிமொழி, ஏழு நாள் முகாம், முடிவில் சான்றிதழ். இவற்றில் எதுவும் தீமையானதல்ல. ஆனால் ஆண்டு முடிந்ததும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த மாணவர்கள் போனதால் அந்தத் தெருவில், அந்த இல்லத்தில், அந்தக் குளக்கரையில் இன்றும் நிலைத்திருக்கும் மாற்றம் எது? இந்த மாணவர் போன ஆண்டு அறியாத எதை இப்போது அறிந்திருக்கிறார்? பட்டியல் நீளமாக இருக்கும் இடங்களில்தான் இந்தக் கேள்விகளுக்கான பதில் சுருங்கிப்போகிறது. எனவே இந்த அத்தியாயம் ஒரே ஒரு விதியைச் சொல்கிறது. ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள், அங்கே ஒரு வேலையை எடுங்கள், ஓராண்டு முழுவதும் அதற்கே திரும்பத் திரும்பப் போங்கள். அது ஏன் என்பதையும், அதை எப்படி நடத்துவது என்பதையும், அதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுக்கு என்ன பதில் என்பதையும் இனிப் பார்ப்போம்.

திட்டத்தின் அமைப்பே சொல்வது என்ன?

இந்த விதி புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னாளில் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் அது வந்தது. அதன் விதிப்படி ஒரு தன்னார்வலர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். அத்துடன் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் கலந்துகொள்ள வேண்டும். அந்த 120 மணி நேரத்தையும் திட்டத்தின் கையேடு பிரித்தே தருகிறது: அறிமுகப் பயிற்சிக்கு 20, வளாகப் பணிக்கு 30, சமூகப் பணிக்கு 70. இதோடு ஒரு கிராமத்தையோ குடியிருப்பையோ தத்தெடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தத்தெடுப்பு என்பதே நீண்ட உறவைக் குறிக்கும் ஏற்பாடு. ஆண்டு முழுக்க மாணவர்கள் போய்வரும் ஊரில், அங்கே கண்ட ஒரு பெரிய வேலையை முடிப்பதற்காகவே ஏழு நாள் தங்குவது என்பதுதான் முகாமின் நோக்கம். நடைமுறையில் இந்த வரிசை அறுந்துவிடுகிறது. வாரப் பணி ஓரிடத்தில் நடக்கிறது, முகாம் வேறோர் ஊரில் நடக்கிறது, அடுத்த ஆண்டு முகாம் மூன்றாவது ஊருக்குப் போய்விடுகிறது. ஆகவே ஓரிடத்தில் நிலைத்திருக்கச் சொல்வது திட்டத்துக்கு மேல் ஒரு சுமையை ஏற்றுவதாகாது. திட்டம் முதலில் என்ன கேட்டதோ அதைச் செய்வதுதான் அது.

வேலைக்கென்று ஒரு நாட்காட்டி

டெங்கு ஒழிப்பை எடுத்துக்கொள்வோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில், அதுவும் வீட்டைச் சுற்றியுள்ள தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு போன்ற இடங்களில் முட்டையிடும். அந்த முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் தண்ணீர் வற்றிப்போனாலும் பல மாதங்கள் அழியாமல் இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். இந்த இரண்டு உண்மைகளும் சேர்ந்து வேலையின் ஒழுங்கை நமக்குச் சொல்லிவிடுகின்றன: வாரம் ஒருமுறை எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்க்க வேண்டும், வெறுமனே கவிழ்க்காமல் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆண்டுக்கு ஒரு பேரணி நடத்தும் பள்ளி, கொசுவின் நாட்காட்டியில் ஒரே ஒரு நாளைத்தான் தொடுகிறது. நாற்பது வீடுகளுள்ள ஒரே தெருவுக்கு மழைக்காலம் முழுவதும் சனிக்கிழமைதோறும் போகும் பத்து மாணவர்கள் கொசுவின் ஒவ்வொரு தலைமுறையையும் தடுக்கிறார்கள். பேரணி பயனற்றது என்று சொல்லவில்லை. தெருவுக்கு மாணவர்களை அறிமுகப்படுத்தும் முதல் நாளாக அது நடந்தால் அதற்கு ஒரு பொருள் உண்டு.

மரங்களின் கதையும் இதுவே. முகாம்களில் அடிக்கடி செய்யப்படும் சீமைக் கருவேல ஒழிப்பில், மரத்தைத் தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டு வந்தால் தூரிலிருந்து பல கிளைகளாக அது மீண்டும் துளிர்க்கும். தூரைத் தோண்டி எடுக்கவும், அடுத்த மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கவும், காலியான இடத்தில் நாட்டு மரம் வளர்க்கவும் ஆள் இல்லாவிட்டால் வெட்டுவதற்கு முன்னிருந்ததைவிட அடர்த்தியான புதர்தான் மிஞ்சும். பனை விதை நடுவதிலும் ஒரு நாள் விழாவுக்கு இடமில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக நடப்படும் விதையின் முளை முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகிறது. இலை வெளியே தெரியப் பல மாதங்கள் ஆகும். அதாவது பதினொன்றாம் வகுப்பில் நட்ட மாணவர், பன்னிரண்டாம் வகுப்பில் திரும்ப வந்து எண்ணிப் பார்த்தால்தான் எத்தனை முளைத்தன என்று அறிய முடியும். நட்ட எண்ணிக்கையை எல்லாப் பள்ளிகளும் அறிக்கையில் எழுதுகின்றன. ஓராண்டு கழித்து உயிரோடிருக்கும் எண்ணிக்கையை எழுதும் பள்ளிதான் உண்மையில் மரம் வளர்த்த பள்ளி.

பெரிய அளவில் வென்ற பொதுப்பணிகளும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. இந்தியாவில் இயற்கை வகைப் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார்; 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதென்று சான்று பெற்றது. இதற்கு உதவிய லட்சக்கணக்கான தன்னார்வலர்களில் மாணவர்களும் இருந்தார்கள். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் சிறுவர் குழுக்கள் தெருத்தெருவாகப் போய் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைச் சொட்டு மருந்து மையங்களுக்கு அழைத்து வந்தன. ஆனால் வெற்றியின் ரகசியம் மையம் திறந்த அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடவில்லை. அடுத்த நாட்களில் வீடு வீடாகப் போனார்கள். எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டுச் சுவரில் ஓர் அடையாளம், யாரேனும் விடுபட்ட வீட்டில் வேறோர் அடையாளம் போட்டார்கள். விடுபட்ட வீட்டுக்கு மறுபடியும் போனார்கள். 1991-இல் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்திலும், கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் எழுதப் படிக்கக் கற்றது மாதக்கணக்கில் நடந்த மாலை வகுப்புகளால். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்ற அந்தப் புகழ்பெற்ற நிகழ்வு நமக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் ஒவ்வொரு மாலையும் தவறாமல் வந்த உள்ளூர்த் தொண்டர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மாணவருக்கு என்ன கிடைக்கிறது?

இதுவரை சொன்னது பணியைப் பெறுபவர் பக்கம். மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நீடித்த பணியே பயன் தருகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1999-இல் கொண்டுவந்த புதிய உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டத்தில், பட்டயம் பெற 40 மணி நேரச் சமூகப் பணியைக் கட்டாயமாக்கியது. 2003-இல் ஓர் அரிய வாய்ப்பு அமைந்தது. பழைய ஐந்தாண்டுத் திட்டத்தில் படித்தவர்களும் புதிய நான்காண்டுத் திட்டத்தில் படித்தவர்களும் ஒரே ஆண்டில் பள்ளியை முடித்தார்கள். முன்னவர்களுக்குக் கட்டாயம் இல்லை, பின்னவர்களுக்கு உண்டு. இரு தரப்பையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், கட்டாய மணிநேரம் இருந்ததா இல்லையா என்பது மட்டுமே பிற்காலப் பொதுநல ஈடுபாட்டில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்று கண்டார்கள். பணி அனுபவம் தரமாக இருந்ததா, ஓரிடத்தில் நீடித்ததா என்பவைதான் எடையுள்ள காரணிகளாகத் தெரிந்தன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1992-இல் 75 மணி நேரப் பணியைக் கட்டாயமாக்க முடிவெடுத்தது. அதன் விளைவை ஆராய்ந்து சாரா ஹெல்ம்ஸ் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் தன்னார்வப் பணி கூடியதையும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் அது குறைந்ததையும் காட்டுகிறது. மணிக்கணக்கைச் சீக்கிரமே முடித்துவிட்டவர் அத்தோடு கடமை தீர்ந்தது என்று நினைப்பது மனித இயல்பு. மணி நேரத்தை மட்டும் எண்ணும் எந்தத் திட்டத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. எண்ண வேண்டியது வேறு ஏதோ இருக்கிறது என்பதே இந்த ஆய்வுகள் நமக்குத் தரும் படிப்பினை.

நீடித்த பணியில் மாணவர் எதைக் கற்கிறார் என்பதையும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒரு தெருவுக்குப் போகிறவர் மக்களின் அலட்சியத்தைத்தான் பார்ப்பார்: தண்ணீரைத் திறந்தே வைத்திருக்கிறார்கள், சொன்னால் கேட்பதில்லை. ஆறாவது வாரம் போகும்போது, அந்தத் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது, அதனால்தான் அத்தனை குடங்களும் டிரம்களும் என்று அவருக்குப் புரியும். பன்னிரண்டாவது வாரம், தண்ணீரைக் கொட்டச் சொல்வது தவறு, டிரம்முக்குப் பொருத்தமான துணி மூடி தைத்துக் கொடுப்பதே சரி என்று தோன்றும். அலட்சியம் என்று தெரிந்தது பற்றாக்குறையாகத் தெளிவடையும் இந்த மாற்றமே சமூகக் கல்வி. இது ஒரே நாளில் வராது. பிறரைப் பற்றி முதலில் எண்ணியது தவறென்று தெரிய அவர்களை மறுபடி மறுபடி சந்திக்க வேண்டும். ஒரு நாள் போய் வருபவருக்கோ தன் முதல் எண்ணமே உறுதிப்பட்டுவிடுகிறது. ‘பாவம்’ என்ற இரக்கமும் ‘திருந்தாதவர்கள்’ என்ற எரிச்சலும் பிறப்பது இந்த ஒரு நாள் பார்வையிலிருந்துதான்.

இடத்தையும் வேலையையும் தேர்ந்தெடுப்பது

தேர்வு உங்கள் பள்ளியிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரத்தில் தொடங்கட்டும். பேருந்து ஏற்பாடும் பெற்றோர் அனுமதியும் ஒவ்வொரு முறையும் தேவைப்படும் இடம் நான்காவது வாரத்தில் கைவிடப்படும். அடுத்தது கேட்பது. என்ன செய்யப்போகிறோம் என்று முடிவெடுத்துவிட்டு மக்களிடம் போகாதீர்கள். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், வார்டு உறுப்பினர், மகளிர் சுய உதவிக் குழுவினர், நூலகர், பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள பெற்றோர் ஆகியோரிடம், ‘ஆள் இல்லாததால் நடக்காமல் போகும் வேலை எது?’ என்று கேளுங்கள். இந்தக் கேள்வியில் ‘ஆள் இல்லாததால்’ என்ற சொல் முக்கியம். பணம் இல்லாததால் நிற்கும் வேலையையோ, அதிகாரி உத்தரவு இல்லாததால் நிற்கும் வேலையையோ மாணவர்களால் முடிக்க முடியாது. கிளை நூலகத்தில் மாலை நேரக் கதை வாசிப்பு, அங்கன்வாடிக் குழந்தைகளோடு விளையாட்டு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாசிப்புத் துணை, முதியோருக்கு ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்பித் தருவது, குளக்கரை மரங்களுக்குக் கோடைக்காலத் தண்ணீர் போன்றவை ஆளும் நேரமும் கிடைத்தால் நடக்கக்கூடியவை.

கேட்டுவந்த வேலைகளை நான்கு வடிகட்டிகளில் போடுங்கள். ஒன்று, உங்கள் வயதுக்கு அது பொருந்துமா? ரத்ததானத்துக்கு 18 வயது நிரம்ப வேண்டும். ஆகவே பள்ளி மாணவர் ரத்தம் கொடுக்க முடியாது, ஆனால் ஊரில் கொடுக்க விரும்பும் பெரியவர்களை முகாமுக்கு அழைத்து வரும் வேலையைச் செய்யலாம். இரண்டு, அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்யும் ஒருவரின் பிழைப்பை அது பறிக்குமா? ஒன்ராறியோவின் விதிகள் சம்பளப் பணியாளர் செய்யும் வேலையை மாணவர்கள் கணக்கில் காட்டக்கூடாது என்கின்றன. நாமும் அதைப் பின்பற்றலாம். மூன்று, பாதியில் நிறுத்தினால் யாருக்காவது தீங்கு வருமா? குழந்தைகள் இல்லத்தில் வாராவாரம் கணக்குச் சொல்லித்தரத் தொடங்கிவிட்டு ஐந்தாம் வாரம் காணாமல் போவது, ஏற்கெனவே பலரால் விடப்பட்ட குழந்தைகளை இன்னொரு முறை விடுவதாகும். முடிக்க முடியாததைத் தொடங்காதிருப்பதும் ஒரு சேவையே. நான்கு, பலன் தெரியுமா? ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணியோ கேட்டோ ஒப்பிட ஏதாவது இருக்க வேண்டும்: புழு இருந்த பாத்திரங்கள், உயிரோடிருக்கும் கன்றுகள், ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசிக்கும் குழந்தைகள்.

120 மணி நேரத்தைப் பிரிப்பது

கணக்கு எளிது. ஜூன் முதல் மார்ச் வரை சுமார் 40 வாரங்கள். தேர்வுகளுக்கும் விடுமுறைகளுக்கும் 12 வாரங்களை விட்டால் 28 மிஞ்சும். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் என்றால் 28 வாரத்தில் 70 மணி நேரம் வந்துவிடும். சமூகப் பணிக்குக் கையேடு கேட்பது இதைத்தான். அறிமுகப் பயிற்சிக்குரிய 20 மணி நேரத்தைப் பொதுவான சொற்பொழிவுகளில் செலவிடாமல், தேர்ந்தெடுத்த வேலைக்கான பயிற்சியாக மாற்றுங்கள். டெங்கு என்றால் சுகாதார ஆய்வாளரிடம் புழுவை இனம் காணக் கற்பது, வாசிப்பு என்றால் தொடக்கப் பள்ளி ஆசிரியரிடம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு உதவக் கற்பது. ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது பேரும் ஒன்றாகப் போக வேண்டியதில்லை. பத்துப் பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தெருவையோ ஒரு வகுப்பையோ நிரந்தரமாகக் கொடுங்கள். குழுக்களைச் சுழற்ற வேண்டாம். வீட்டுக்காரருக்கு மாணவரின் பெயரும் மாணவருக்கு வீட்டுக்காரரின் பெயரும் தெரிவதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஏழு நாள் முகாமையும் அதே ஊரில் நடத்துங்கள். அப்போது முகாமின் முதல் நாள் ஊரைத் தெரிந்துகொள்வதில் போகாது, தெரிந்த ஊரில் பெரிய வேலையைத் தொடங்குவதற்குக் கிடைக்கும்.

பதிவேடு இல்லாத பணி அடுத்த வாரம் பாதி மறந்துபோகும். குழுவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் நான்கு வரிகள் எழுதுங்கள்: யார் போனோம், என்ன செய்தோம், என்ன கேட்டோம், அடுத்த வாரம் எதை மாற்றுவோம். மூன்றாவது வரிதான் மிகவும் தவறவிடப்படுவது. மக்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதினால் நம் அனுமானங்கள் அதில் கலக்காது. மாதம் ஒருமுறை பொறுப்பாசிரியரோடு உட்கார்ந்து நோட்டைப் படித்து அரை மணி நேரம் பேசுங்கள். அந்தப் பேச்சில் மாணவர்களைப் பாராட்டுவது ஆசிரியரின் முதல் கடமையல்ல; ‘ஏன் அப்படி இருக்கிறது?’ என்று கேட்பதே. குடம் ஏன் திறந்திருக்கிறது, குழந்தை ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் வருவதில்லை, பாட்டிக்கு ஏன் ஓய்வூதியம் நின்றது என்ற கேள்விகள் குடிமையியல் பாடநூலை ஊரோடு இணைக்கும்.

எழும் மறுப்புகள்

பெற்றோரின் முதல் கவலை தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பின் மதிப்பெண்ணில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே தங்கியிருக்கும்போது வாரத்தில் இரண்டரை மணி நேரம் பெரிது என்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. இதை அலட்சியப்படுத்தும் பள்ளி பெற்றோரின் நம்பிக்கையை இழக்கும். பதில் கால ஏற்பாட்டில் இருக்கிறது. பணியின் கனமான பகுதி பதினொன்றாம் வகுப்பில் அமையட்டும். பன்னிரண்டாம் வகுப்பினர் டிசம்பருக்குள் தங்கள் தெருவைப் பதினொன்றாம் வகுப்பினரிடம் ஒப்படைத்துவிட்டு விலகட்டும். சிதறிய நிகழ்ச்சிகளைவிட நிலையான வாரப் பணிதான் படிப்புக்கு இடைஞ்சல் குறைவானது என்பதையும் பெற்றோருக்கு விளக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணி என்று ஜூனிலேயே தெரிந்தால் வீட்டில் அதற்கேற்பப் படிப்பை அமைத்துக்கொள்ளலாம். திடீரென்று வகுப்பிலிருந்து அழைத்துப்போகும் பேரணிகளும் வரவேற்பு வரிசைகளும்தான் பாட நேரத்தை உண்மையில் தின்கின்றன.

இரண்டாவது மறுப்பு கொள்கை சார்ந்தது. அரசு செய்ய வேண்டியதை மாணவர்கள் இலவசமாகச் செய்தால் அரசின் பொறுப்பு மறைந்துபோகாதா? போகும், மாணவர் பணி குறையை மூடும் திரையாக மட்டும் இருந்தால். நீடித்த பணி அப்படி முடிவதில்லை. ஒரு நாள் குப்பை அள்ளியவர் கைகளைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். ஆறு மாதம் அதே இடத்தில் குப்பை சேர்வதைப் பதிவு செய்தவரிடம் குப்பை வண்டி வராத நாட்களின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலோடு கிராம சபையில் பெரியவர்களைப் பேச வைக்கலாம், ஊராட்சிக்கு மனு எழுதலாம். செய்யும் கையே கேள்வி கேட்கும் தகுதியைப் பெறுகிறது. இதே இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் உறுதியாகச் சொல்ல வேண்டும். தூய்மைப் பணி என்ற பெயரில் கழிவறையைக் கழுவவோ சாக்கடையில் இறங்கவோ எந்த மாணவரையும் விடக்கூடாது. மனிதக் கழிவைக் கையால் அகற்ற மனிதரை அமர்த்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பள்ளியில் எந்த வேலை யாருக்கு என்று பிரிக்கும்போது சாதியும் பாலினமும் சத்தமில்லாமல் நுழைந்துவிடும்: துடைப்பம் சிலர் கையில், ஒலிபெருக்கி சிலர் கையில், சமையல் எப்போதும் மாணவிகளுக்கு. சீட்டுக் குலுக்கிப் போட்டு வேலையைப் பிரியுங்கள். குழுவுக்குள் யார் கூட்டுவது, யார் பேசுவது, யார் பரிமாறுவது என்பது முறைவைத்து எல்லோருக்கும் வரட்டும். சமத்துவத்தை ஊருக்குச் சொல்லப் போகும் குழு அதை முதலில் தனக்குள் கடைப்பிடித்தாக வேண்டும்.

மூன்றாவது மறுப்பு மாணவர்களிடமிருந்தே வருகிறது. இந்த வயதில் பலவற்றையும் செய்துபார்த்தால்தானே எதில் ஆர்வம் என்று தெரியும், ஓரிடத்திலேயே கட்டிப்போடலாமா? இதில் உண்மை இருக்கிறது. அதற்காக அறிமுகப் பயிற்சியின் தொடக்கத்தில் நான்கைந்து இடங்களைப் போய்ப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு வேலையின் சுவை அதன் முதல் நாளில் தெரிவதில்லை. முதல் நாளில் தெரிவது புதுமை. சலிப்பு வரும் ஐந்தாம் வாரத்தைத் தாண்டிய பிறகே அந்த வேலை தனக்கு உகந்ததா என்று ஒருவர் நேர்மையாகச் சொல்ல முடியும். ஓராண்டுக்குப் பிறகு உகந்ததல்ல என்று தெரிந்தால் அதுவும் மதிப்புள்ள அறிவே; அடுத்த ஆண்டு வேறு குழுவுக்கு மாறலாம். கட்டாயப்படுத்திய சேவை சேவையாகுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. சேர்வது கட்டாயமாக இருந்தாலும், எங்கே, எதை, யாரோடு என்பதை மாணவர் தேர்ந்தெடுத்தால் அது மெல்ல அவருடையதாகிறது. தன் மேல் திணிக்கப்பட்டது என்ற உணர்வுதான் பிற்கால ஆர்வத்தைக் கெடுக்கிறது. அதைத் தவிர்க்கும் வழி தேர்வுரிமை.

பாதுகாப்பும் கண்ணியமும்

தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி, பெற்றோர் ஒப்புதல், முதலுதவிப் பெட்டி, மாணவிகள் இருக்கும் குழுவோடு ஆசிரியை, இருட்டும் முன் வீடு திரும்புதல் ஆகியவை பேரத்துக்கு அப்பாற்பட்டவை. குளம், ஏரி, கிணறு அருகே வேலை என்றால் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. கருவேல முள்ளுக்குச் செருப்பு போதாது, தடித்த காலணியும் கையுறையும் வேண்டும். அரிவாளும் இயந்திர வாளும் பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். இவற்றுக்குச் சமமாகப் பேணவேண்டியது பிறரின் கண்ணியம். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். ஆகவே இல்லக் குழந்தைகளோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் நிலைத்தகவலில்கூடப் போடக்கூடாது. முதியோர் விஷயத்திலும் கேட்டு, அவர் மனதார ஒப்புக்கொண்டால் மட்டுமே படம் எடுக்க வேண்டும். அறிக்கைக்குப் படம் தேவை என்றால் வேலையைப் படமெடுங்கள்: மூடிய டிரம், வளர்ந்த கன்று, நிரம்பிய நோட்டு. ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் மாணவர்கள் தாங்களே தீர்க்க முயலாமல் பொறுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லோருக்கும் மனப்பாடமாகட்டும்.

ஒப்படைப்பு

ஆண்டு முடிவில் இரண்டு ஆவணங்கள் தயாராக வேண்டும். ஒன்று அடுத்த அணிக்கு. எந்த வீட்டில் யார், எந்த வேலை பாதியில் நிற்கிறது, எந்த முயற்சி பலிக்கவில்லை, யாரிடம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி, பழைய அணியும் புதிய அணியும் ஒரு சனிக்கிழமை சேர்ந்தே அந்தத் தெருவுக்குப் போய் அறிமுகம் செய்துவையுங்கள். மாணவர்கள் மாறினாலும் பள்ளி மாறாமல் வருகிறது என்ற நம்பிக்கை ஊருக்கு இப்படித்தான் பிறக்கும். இரண்டாவது ஆவணம் மாணவருக்கு. வழக்கமான சான்றிதழோடு பொறுப்பாசிரியர் ஐந்தாறு வரிகள் சேர்த்து எழுதித் தரட்டும்: இந்த மாணவர் எந்த இடத்தில், எத்தனை வாரம், என்ன வேலை செய்தார், அதனால் என்ன மாறியது, அவர் எதைக் கற்றார். கல்லூரிச் சேர்க்கையிலோ வேலை நேர்காணலிலோ பத்து நிகழ்ச்சிகளின் பெயரைச் சொல்பவரைவிட, ஒரு தெருவின் தண்ணீர்ப் பிரச்சினையைக் காரணத்தோடு விளக்கக்கூடியவரிடம்தான் கேட்பவர்கள் மேலும் பேச விரும்புவார்கள். அது அவருக்கு ஓர் உபரி லாபம் மட்டுமே. முதன்மையான லாபம், பதினேழு வயதில் ஒரு குடிமகன் தன் ஊரின் ஒரு பகுதியை முழுமையாக அறிந்திருக்கிறான், ஒரு குடிமகள் தன் சொல்லை ஓராண்டு காப்பாற்றியிருக்கிறாள் என்பதே. இந்த ஆண்டின் முதல் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலை எழுதுவதற்கு முன், எந்தத் தெரு என்று முடிவு செய்யுங்கள். மற்றத் திட்டங்கள் எல்லாம் அந்த முடிவிலிருந்து தொடங்கட்டும்.